காரணம் சொல்லாத தோல்வி

தோல்விகளில் இரண்டு வகை உண்டு. காரணம் சொல்லும் தோல்வி ஒன்று; காரணம் சொல்லாத தோல்வி மற்றொன்று. கணக்குப் பரீட்சையில் தவறிய பையனுக்கு எந்தக் கணக்கில் சறுக்கினான் என்பதை விடைத்தாள் சொல்லிவிடுகிறது. வியாபாரத்தில் நஷ்டமடைந்தவருக்குப் பேரேடு சொல்லிவிடுகிறது. காரணம் சொல்லாத தோல்வி அப்படிப்பட்டதன்று. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுகிறோம்" என்று விடைபெற்றுக்கொண்ட பிறகு, கடிதமே வராமல் இருந்துவிடுகிறது அல்லவா? அதைப் போன்றது இது. குறை நிறத்திலா, நகையிலா, ஜாதகத்திலா என்று வீட்டார் ஆயுள் முழுதும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த இரண்டாவது வகைத் தோல்வியை ஒருவன் ஐந்து தடவை அடைந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவன் என் தங்கையின் மகன். ராணுவத்தில் அதிகாரியாக வேண்டுமென்பது அவனுடைய ஆசை. எஸ்.எஸ்.பி. என்று வழங்கும் படைத் தேர்வு வாரியத்தின் முன் 21-ஆவது வயதிலிருந்து 24-ஆவது வயதுக்குள் 5 தடவை போய் நின்றான். 5 தடவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். காரணமே தெரியாத தோல்வியிலிருந்து ஒருவன் எதையேனும் கற்க முடியுமா என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு எழுந்தது.

இந்தத் தேர்வு எத்தகையது என்பதை நேயர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். மத்தியத் தேர்வாணையம் நடத்தும் எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை இங்கே அழைக்கிறார்கள். எழுத்துப் பரீட்சைக்கு எத்தனை மதிப்பெண்ணோ அத்தனை மதிப்பெண் இதற்கும் உண்டு. பிரயாகை, போபால், பெங்களூர், நம் கோயம்புத்தூர் முதலிய பல இடங்களில் இதற்கான நிலையங்கள் இருக்கின்றன. வந்தவர்களுக்கு மார்பில் ஓர் எண்ணைக் கட்டிவிடுகிறார்கள். அது முதல் அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

முதல் நாளே ஒரு சல்லடை. அறிவுக் கூர்மைக்கான சில கேள்விகள். பிறகு, தெளிவில்லாத ஒரு படத்தை 30 விநாடி காட்டி, 4 நிமிஷத்தில் அதற்கு ஒரு கதை எழுதச் சொல்கிறார்கள். எழுதியதைக் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் சொல்லி, பிறகு எல்லாரும் கூடி ஒரே கதையாக முடிவு செய்ய வேண்டும். சல்லடையில் தங்காதவர்கள் அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டியதுதான். தங்கியவர்களுக்கு மேலும் நான்கு நாட்கள். 12 படங்களுக்கு 12 கதைகள். அவற்றில் கடைசிப் படம் வெறும் வெள்ளைத் தாள். ஒவ்வொன்றாக 60 சொற்களைக் காட்டுவார்கள். சொல் ஒன்றுக்கு 15 விநாடிக்குள் மனத்தில் தோன்றிய வாக்கியத்தை எழுத வேண்டும். 60 இக்கட்டான நிலைமைகளைக் கொடுத்து, "நீ என்ன செய்வாய்?" என்று 30 நிமிஷத்தில் பதில் கேட்பார்கள். வெளியே மைதானத்தில் பலகை, கழி, கயிறு முதலியவற்றைக் கொண்டு குழுவாகத் தடைகளைக் கடக்கும் வேலைகள். இவை தவிர, ஓர் அதிகாரியுடன் தனியாக நீண்ட சம்பாஷணை. கடைசி நாளில் எல்லா அதிகாரிகளும் கூடிய சபையில் ஒவ்வொருவனும் சில நிமிஷம் உட்கார்ந்து எழுந்து வர வேண்டும். அதன் பிறகு ஓர் அதிகாரி வந்து சில எண்களைப் படிப்பார். படிக்கப்பட்ட எண்ணுக்கு உரியவன் வைத்தியப் பரிசோதனைக்குத் தங்குவான். படிக்கப்படாத எண்ணுக்கு உரியவன் ரயிலடிக்குப் போவான். 'ஏன்?' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியமாயிருக்கிறது. முன் காலத்தில் அதிகாரிகளைப் பொறுக்கும் முறை மிகவும் எளியது: என்ன குடும்பம், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்து, கால் மணி நேரம் பேசி முடிவு செய்துவிடுவார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த முறை பிரிட்டனுக்குக் கை கொடுக்கவில்லை. ஆகவே 1942-இல் மனோதத்துவ நிபுணர்களைச் சேர்த்துக்கொண்டு புதிய தேர்வு வாரியங்களை அங்கே அமைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1943-இல், டேராடூனில் ஒரு சோதனை வாரியம் ஏற்பட்டது. தலைவன் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனிக்கும் யுக்தியை வகுத்தவர்களில் முக்கியமானவர் வில்பிரட் பியான் என்னும் வைத்தியர். அவர் பிறந்தது நம் கண்ணபிரானின் மதுரையாகிய வட மதுரையில், 1897-இல்! அவர் கண்ட சூட்சுமம் இதுதான்: தேர்வுக்கு வந்தவன் தான் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையோடு வந்திருக்கிறான், கொடுத்த வேலையோ எல்லாரும் சேர்ந்தால்தான் முடியும். இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட மனிதன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்தால் போதும்.

இன்னொரு விஷயத்தையும் மறக்கலாகாது. இந்தியனுக்குப் படை நடத்தும் திறமையே கிடையாது என்று சொல்லி வந்த ஆட்சி நம்மை ஆண்டது. வீர ஜாதி என்றும் அல்லாத ஜாதி என்றும் தேசத்தைப் பங்கு போட்டுத் தென்னாட்டாரை ஒதுக்கி வைத்தார்கள். 1918-இல்தான் இங்கிலாந்தின் ஸாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்கு 10 இடங்கள் இந்தியருக்கு என்று மனமிரங்கினார்கள். 1932-இல் டேராடூன் ராணுவக் கல்லூரி 40 பேருடன் தொடங்கியது. 1949 ஜனவரி 15-இல் ஜெனரல் கரியப்பா இந்தியப் படைக்குத் தலைமை ஏற்றபோதுதான் அந்தப் பழைய கட்டுக்கதைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. குலம் எது, கோத்திரம் எது என்று கேளாமல், 'நீ எப்படிப்பட்டவன்?' என்று மட்டும் கேட்கும் ஒரு தேர்வு நம் நாட்டில் இருப்பது சாமானியமான காரியம் அன்று. அதில் தோற்றுத் திரும்பும் பிள்ளையின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது இந்தச் சரித்திரத்தைச் சொன்னால் எடுபடாது என்பது வேறு விஷயம்.

என் மருமான் முதல் தடவை போனபோது, முதல் நாள் சல்லடையிலேயே வெளியே வந்துவிட்டான். திரும்பி வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினான். ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்து, இடப்புறம் 'நடந்தது' என்றும், வலப்புறம் 'நான் நினைப்பது' என்றும் தலைப்பு எழுதினான். வலப்புறம் மளமளவென்று நிரம்பியது: என் ஆங்கிலம் போதாது, வடநாட்டுப் பையன்களுக்கே சலுகை, என் சட்டை நன்றாயில்லை. இடப்புறத்தில் எழுத ஒன்றே ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்தது: 'குழுவில் மற்றவர்கள் சொன்ன கதைகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.'

அதை அவன் எனக்குப் படித்துக் காட்டியபோது, நான் முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததைக் காட்டிலும் பெரிய பாடம் ஒன்று அந்த ஒற்றை வரியில் இருப்பதாகத் தோன்றிற்று. வலப்புறம் முழுவதும் ஊகம். ஊகத்தால் ஒருவனைத் திருத்த முடியாது. இடப்புறத்தில் உள்ளது உண்மை. அதை வாரியம் காரணமாகக் கொண்டதா இல்லையா என்பது தெரியாது. ஆனால் திருத்திக்கொள்ளத் தக்கது. காரணம் சொல்லாத தோல்வியில் கற்க வழி உண்டென்றால், அது இடப்புறத்தின் வழிதான்.

இரண்டாந் தடவைக்கு முன்னால், இந்தத் தேர்வுக்கென்றே பையன்களைத் தயார் செய்யும் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். அங்கே கதைகளையும் வாக்கியங்களையும் நெட்டுருப் போட வைத்தார்கள். 'தோல்வி' என்ற சொல் வந்தால் இன்ன வாக்கியம், 'பயம்' என்ற சொல் வந்தால் இன்ன வாக்கியம் என்று எல்லாம் ஆயத்தமாக இருந்தன. இந்தத் தடவை சல்லடையில் தங்கினான்; கடைசி நாளில் எண் படிக்கப்படவில்லை. நோட்டுப் புத்தகத்தின் இடப்புறத்தில் எழுதியது: 'என்னுடைய 12 கதைகளிலும் கதாநாயகன் ஜயித்தான். ஒரு கதையில்கூட அவன் யாரிடமும் உதவி கேட்கவில்லை. வெள்ளைத் தாளுக்கும் பயிற்சிக் கூடத்துக் கதையையே எழுதினேன்.'

மூன்றாந் தடவை மைதானத்தில் நடந்தது. சிவப்பு வர்ணம் பூசிய பாகங்களைத் தொடாமல், பலகையைக் கொண்டு பாலம் போட்டு எல்லாரும் கடக்க வேண்டும். இவன் பலகையின் முனையைப் பிடித்துக்கொண்டு உத்தரவுகள் போட்டான். பின்னால் நின்ற மெலிந்த பையன் ஒருவன் தாழ்ந்த குரலில் ஒரு யோசனை சொன்னான். அது சரியான யோசனை என்று இவனுக்கு அக்கணமே தெரிந்தது. தெரிந்தும், தன் யோசனையையே மறுபடி உரக்கச் சொன்னான். நேரம் முடிந்துவிட்டது. வட மதுரையில் பிறந்த வைத்தியர் வைத்த பொறியில் என் மருமான் காலை விட்டது அந்த நிமிஷத்தில்தான் என்று நான் எண்ணிக்கொண்டேன். அந்த மெலிந்த பையனுடைய எண் கடைசி நாளில் படிக்கப்பட்டதாம்.

நான்காந் தடவை, தனிச் சம்பாஷணையில், அயல்நாட்டு யுத்தங்களைப் பற்றி வெகு அழகாகப் பேசினான். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் ஊருக்குக் குடி தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். இவனுக்குத் தெரியவில்லை. "உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்?" அதுவும் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் புறப்பட்டான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவன் ஏரி வாய்க்கால் அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்தான். பிள்ளைகளைத் தேடிப் போனவன் மூவரைக் கண்டுபிடித்து, இரண்டு பேரைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். மூன்றாவது பையனின் தகப்பனார் இவனைத் திண்ணையை விட்டே விரட்டிவிட்டார். அதையும் இடப்புறத்தில் எழுதிக்கொண்டான்.

இந்தத் தேர்வை நடத்துகிறவர்கள் மூன்று பேர்: எழுதியதைப் படிக்கும் மனோதத்துவ நிபுணர் ஒருவர், பேச்சைக் கேட்கும் அதிகாரி ஒருவர், மைதானத்தில் செயலைப் பார்ப்பவர் ஒருவர். கடைசி நாள் சபை வரையில் ஒருவர் கண்டதை மற்றவர் அறிய மாட்டார். பிறகு மூன்றையும் ஒப்பிடுகிறார்கள். நம் பெரியோர் இதற்கு எப்போதோ பெயர் வைத்திருக்கிறார்கள்: மனம், வாக்கு, காயம் மூன்றும் ஒன்றாயிருப்பது திரிகரண சுத்தி. திண்ணைப் பிரசங்கத்தில் கேட்கும்போது அது மோட்சத்துக்கு வேண்டிய சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பட்டாளத்துக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. ஒரு நாள் வேஷம் போடலாம். ஐந்து நாள், மூன்று பேர் முன்னால், தூங்கி எழுந்து, களைத்துப் பசித்து, அதே வேஷத்தைக் கலையாமல் வைத்திருக்க யாரால் முடியும்?

ஐந்தாந் தடவை, பயிற்சிக் கூடம் எதற்கும் போகாமல், தன் சொந்தக் கதைகளோடு போனான். திரும்பி வந்தபோது நோட்டுப் புத்தகத்தின் இடப்புறத்தில் எழுத அவனுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. எல்லாம் சரியாகவே நடந்தன. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டான். தெரியாததைத் தெரியாது என்றான். பலகையைப் பிறன் கையில் கொடுத்தான். ஆயினும் எண் படிக்கப்படவில்லை.

அவனுடைய தோல்விகளிலெல்லாம் கடுமையானது இதுதான். தவறு செய்து தோற்பவனுக்குப் பற்றிக்கொள்ள அந்தத் தவறாவது மிஞ்சுகிறது. சரியாகச் செய்தும் தோற்பவனுக்கு எது மிஞ்சும்? என் தங்கை அன்று சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு வகை நியமனத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்குத்தான் சர்க்கார் ரயில் கட்டணம் கொடுக்கிறது. மறு தடவைகளின் செலவு அவளுடைய சீட்டுப் பணத்திலிருந்து போயிற்று. அக்கம் பக்கத்தார் வந்து, "பெரிய இடத்துச் சிபார்சு இல்லாமல் ஆகுமா?" என்றார்கள். வேறு சிலர் அப்துல் கலாமின் கதையைச் சொன்னார்கள். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்த அந்த ராமேசுவரத்துப் பெரியவர், 1950-களின் பிற்பகுதியில் டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குப் போய், 25 பேரில் 9-ஆவதாக வந்தார், இடங்களோ 8. எல்லாரும் அறிந்த விஷயம்தான். அவர்கள் போன பிறகு மருமான் என்னிடம் சொன்னான்:

"எல்லாரும் ஒன்பதாவதாக வந்தவரைப் பற்றியே சொல்கிறார்கள், மாமா. எட்டாவதாக வந்தவரைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. அவரும் நல்லவராகத்தானே இருந்திருப்பார்? அவருடைய இடத்தில் அவர் வேலை செய்திருப்பார் அல்லவா?"

இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியமாய்ப் போயிற்று. தோற்றவன் வாயிலிருந்து, ஜயித்தவனைப் பற்றிய இப்படிப்பட்ட வார்த்தை எளிதில் வராது.

அவனுடைய தகப்பனார் அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் படையில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மகன் அதிகாரியாக வேண்டுமென்ற ஆசை அவருக்கு இல்லாமற் போகுமா? அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மகனைக் கூப்பிட்டார்.

"சிபார்சு, சலுகை என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. நான் பல அதிகாரிகளின் பின்னால் நடந்திருக்கிறேன். ராத்திரியில், பனியில், முன்னால் போகிறவனுடைய முதுகு மட்டும் தெரியும். அவன் திரும்பினால் நாங்கள் திரும்புவோம், நின்றால் நிற்போம். அவன் புத்தி தடுமாறினால் போவது எங்கள் உயிர். ஒரு பிளாட்டூன் என்றால் முப்பது பேருக்கு மேல். அந்த முப்பது பேருக்கும் வீட்டில் உன் அம்மாவைப் போல ஒருத்தி இருக்கிறாள். அந்தப் போர்டு உன்னைக் கெடுக்க உட்கார்ந்திருக்கவில்லையப்பா. அந்த முப்பது பேருக்காக உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லும். நான் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்."

சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "என் பிள்ளையாக இருந்தாலும்" என்று சேர்த்துக்கொண்டார்.

வள்ளுவர் ஆட்களைப் பொறுக்கும் விஷயத்தை இரண்டு அதிகாரங்களாகப் பிரித்து வைத்திருப்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 51-ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல். 52-ஆவது தெரிந்து வினையாடல். ஆராய்ந்து ஒருவனை நம்புவது முதற்படி. எந்த வேலைக்கு எவன் என்று பார்ப்பது அடுத்த படி. ஒருவன் நல்லவன், கெட்டிக்காரன் என்பதெல்லாம் உண்மையாயிருக்கலாம். இன்ன வேலைக்கு இன்று அவன் ஏற்றவனா என்பது தனிக் கேள்வி. 'இந்த வேலைக்கு நீ வேண்டாம்' என்ற சொல்லை 'நீ எதற்கும் வேண்டாம்' என்று காதில் வாங்கிக்கொள்கிறபோதுதான் இளைஞர்கள் மனம் உடைந்து போகிறார்கள். வீட்டாரும் அப்படியே வாங்கிக்கொண்டு, பையன் முகத்தைப் பாராமல் நடமாடுகிறோம். ஐந்து நாளில் ஒரு வாரியம் கண்ட முடிவு சரியாயிருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம், மனிதர் செய்வதுதானே? ஆனால், அது ஓர் உத்தியோகத்தைப் பற்றிய முடிவு; ஓர் ஆயுளைப் பற்றிய முடிவு அன்று.

என் மருமானுக்கு இன்னும் ஒரு தடவை வயது இடம் கொடுக்கிறது. அழைப்பு வந்திருக்கிறது, அடுத்த மாதம் புறப்படுகிறான். ஜயித்தால், நம் பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் சேருவான். தோற்றால், வேறு உத்தியோகம் தேடுவான்.

முடிவு தெரியும் வரை காத்திருந்து இந்த வியாசத்தை எழுதலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டுமென்றேதான் இப்போது எழுதுகிறேன். அவன் ஜயித்துவிட்டால், ஐந்து தோல்விகளும் ஐந்து படிக்கட்டுகள் என்று அலங்காரமாக எழுதிவிடுவேன். தோற்றுவிட்டால், நான்கு ஆண்டுகள் வீண் என்று பெருமூச்சு விடுவேன். இரண்டும் உண்மையாகா. மற்றவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தன்னை முந்தியவனை நல்லவன் என்று ஒப்புக்கொள்ளவும் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டான். பள்ளிக்கூடம் திரும்பிய அந்த இரண்டு பிள்ளைகளும் இன்று ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏரி வாய்க்காலை இந்த மழைக்கு முன் தூர் வாரி முடித்தார்கள்; இவனும் மண்வெட்டியோடு நின்றான். அடுத்த மாதம் எந்த எண்ணைப் படித்தாலும், படிக்காவிட்டாலும், அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.